தண்ணீரில் அளந்தேன்

புல்வெளிக்கு மருந்து அடிப்பதில் பாதி வேலை ஒரே சீராக நடப்பதுதான். சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். முதுகில் டேங்க்கை மாட்டிக்கொண்டு மெதுவாக நடந்தால் மருந்து கூடிப்போய்ப் புல் கருகும். வேகமாக நடந்தால் களை நம்மைப் பார்த்துச் சிரிக்கும். அதனால் அடிக்கிறவனின் நடையை அளந்து, அந்த நேரத்தில் குழாய் எவ்வளவு கக்குகிறது என்று வெறும் தண்ணீரை விட்டுப் பார்த்து, பிறகுதான் மருந்து கலக்க வேண்டும். உரம் தூவும் தள்ளுவண்டிக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குதான்.

இதையெல்லாம் என் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அப்பா போன பிறகு அவனைப் படிக்கவைத்து, இந்த விளையாட்டு மைதானத்தில் என் கீழேயே வேலைக்குச் சேர்த்து, ஆளாக்கினேன். அவன் தட்டில் போட்டுவிட்டுத்தான் நான் சாப்பிடுவேன். சொல்லிக்காட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கேட்டீர்கள், சொல்கிறேன்.

போன வருடம் என் முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. திரும்பி வந்து மருந்து அடித்ததில், கோல் கம்பத்துப் பக்கம் புல் பட்டை பட்டையாகக் கருகிவிட்டது. மருந்துக் கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று மானேஜரிடம் சொன்னேன். அவரும் நம்பிவிட்டார். மறுநாள் என் தம்பி, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவர் அறைக்குப் போனான்.

"மருந்துல தப்பில்ல சார். அண்ணனால முன்ன மாதிரி நடக்க முடியல. உக்காந்து செய்யற வேலையா குடுங்க, கால் தேறட்டும்."

வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். துரோகம் என்றால் என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவன் சொன்னது உண்மைதான். அதைச் சொல்ல வேறு ஆளே கிடைக்கவில்லையா என்பதுதான் என் கேள்வி. கூடப் பிறந்தவன் வாயிலிருந்து வந்ததால்தான் வயிறு எரிந்தது. நான் ஸ்டோர் ரூமுக்குப் போனேன், என் இடத்துக்கு அவன் வந்தான். வீட்டில் என் மனைவிகூட, "உங்க நல்லதுக்குத்தானே சொன்னான், விடுங்க" என்றாள். அவளையும் தன் பக்கம் இழுத்துவிட்டான் என்று புரிந்துகொண்டேன்.

சம்பவத்தன்று காலை அவன் ஸ்டோருக்கு வந்து, "குழாய் நுனியில புது நாசில் போட்டிருக்கேன், வந்து அளந்து குடு அண்ணா. நீ பாத்தாதான் எனக்குத் திருப்தி" என்றான். அளந்து கயிறு கட்டிய தூரத்தை அவன் வெறும் கையோடு நடந்தான். அவன் நடக்க எடுத்த அதே நேரத்துக்கு, நான் டேங்க்கை மாட்டிக்கொண்டு வாளியில் தண்ணீரை அடித்தேன். அப்போது என் முதுகு நனைந்தது. டேங்க்கின் அடியில் வாஷர் தேய்ந்திருந்தது. புது வாஷர் என் மேஜை இழுப்பறையிலேயே கிடந்தது. மாற்றுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை.

"மெஷின் சரியா இருக்குடா" என்றேன். முதுகை அவனுக்குக் காட்டாமல் ஸ்டோருக்குத் திரும்பிச் சட்டையை மாற்றிக்கொண்டேன்.

அன்று அவன் கலந்தது வேலியோரக் களையை எரிக்கும் மருந்து. வழக்கமாகப் புல்லுக்கு அடிப்பது போலச் சாதுவானது கிடையாது. தோலில் பட்டால் உடனே கழுவிவிட வேண்டும்; ஊறவிட்டால் உள்ளே இறங்கி நுரையீரலைப் பிடித்துவிடும். இதையும் அவனுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது, "அண்ணன் பாத்த மெஷின், அது ஒழுகாது" என்று மூச்சுத் திணறத் திணறச் சொன்னானாம். அதற்குப் பிறகு அவன் அதிக நாள் இருக்கவில்லை.

வாஷரை நான் அறுக்கவில்லை. அது தானாகத் தேய்ந்தது. நான் சும்மா இருந்தேன், அவ்வளவுதான். அவனும் மானேஜர் அறையில் சும்மா இருந்திருக்கலாம்.

அன்று மருந்து அடிக்கும்போது நடுவில் அவன் என்னிடம் ஏதாவது கேட்டானா என்கிறீர்கள். கேட்டான். முதல் டேங்க்கை முடித்துவிட்டு ஸ்டோர் வாசலுக்கு வந்து, என் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றான்.

"நனைஞ்ச மாதிரி இருக்கு. ஒழுகுதா பாரு அண்ணா."

சட்டையைத் தொட்டுப் பார்த்தேன். மருந்து வாடை அடித்தது.

"வேர்வைடா" என்றேன். அதே டேங்க்கை இரண்டாவது முறை நிரப்பியதும் தூக்கி நான்தான் மாட்டிவிட்டேன். பிறகு உள்ளே போய், அவனைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டேன்.