மருதாசலம் அண்ணன் எழுதும் நேரம்

சித்ரகலா: ...அப்ப அந்த நாலு பேருமே பொய்ப் பேருங்கற?

சசிகுமார்: இருக்கலாமுங்க்கா. தப்பாக்கூட இருக்கும். நோட்டுல எழுதித்தான் பாத்தேன்...

சித்ரகலா: உனக்கு எதுக்கெடுத்தாலும் நோட்டு! டீ குடிச்சாலும் எழுதிக்குவ.

சசிகுமார்: கேளுங்க்கா. ஆர்குட்டுல நம்ம பனியன் யூனிட் குரூப்புல, வெள்ளிக்கிழமை நம்ம கம்ப்யூட்டர் கிளாசுல இருந்து நீங்க கேட்டீங்க. "ஓவர்லாக் தையல் மெஷினு அடிக்கடி நின்னு போகுது, வேற கம்பெனி மெஷினுக்கு மாறலாமா"ன்னு. மறுநாள் சாயங்காலம் அரை மணி நேரத்துல நாலு பேரு, "மாறாதீங்க, மாறி நாங்க கெட்டோம்"னு எழுதறாங்க. ஒருத்தருக்கும் போட்டோ இல்ல.

சித்ரகலா: எனக்குந்தான் இல்ல. ரோசாப்பூ வெச்சிருக்கறேன். நானும் பொய்யா?

சசிகுமார்: அது... சரிதானுங்க.

சித்ரகலா: மாற வேண்டாம்னு எழுத, இப்ப இருக்கற மெஷினு கம்பெனிக்காரன் நாலு ஆள் வெப்பானாக்கும்?

சசிகுமார்: ஒரு ஆள் போதுமுங்க்கா. பேருதான் நாலு வேணும்.

சித்ரகலா: மத்த மூணு போகட்டும். மருதாசலம் அண்ணன் அப்படியில்ல, அவரும் யூனிட் நடத்தறவரு. போன வருசம் நூல் அத்துட்டே இருந்தப்ப, அவரு சொன்னபடி செஞ்சுதான் ஆர்டரை முடிச்சேன்.

சசிகுமார்: அந்தப் பதில் நெசந்தானுங்க. இதுதான்...

சித்ரகலா: இது மட்டும் எப்படிப் பொய்யாகும்?

சசிகுமார்: அவரு எப்ப எழுதறாருன்னு பாத்தீங்களா?

சித்ரகலா: சனிக்கிழமை ஆறரை. தவறவே மாட்டாரு.

சசிகுமார்: சனிக்கிழமை ஆறரைக்கு எந்த ஓனருங்க்கா கம்ப்யூட்டர்ல உக்காருவாரு?

சித்ரகலா: ஏன்... அட. வாரச் சம்பளம் போடற நேரம். ஆளுக வாசல்ல நிப்பாங்கன்னு நானே அன்னிக்குக் கிளாசுக்கு வர்றதில்லயே.

சசிகுமார்: நீங்க வராத அன்னிக்கு கிளாசுல உங்க கம்ப்யூட்டர் காலியா இருக்குமுங்க்கா.

சித்ரகலா: இருக்கும். அதுக்கு?

சசிகுமார்: சனிக்கிழமை ஆறரைக்கு அதுல நாந்தானுங்க்கா உக்காருவேன்.

சித்ரகலா: சசி...

சசிகுமார்: பகல்ல அந்தக் கம்பெனி டீலர்கிட்டத்தான் வேலைங்க்கா. அந்த நாலு பேருல யாரு எந்த ஊரு, எத்தனை மெஷினுன்னு மாத்திச் சொல்லிறக் கூடாதுன்னுதான் நோட்டு. நூல் விசயம் மெக்கானிக் மாமாகிட்டக் கேட்டு நானா எழுதுனது. மாறலாமான்னு யாராச்சும் கேட்டா மட்டும், அவங்க சொல்றதை எழுதணும். நீங்க நாளைக்கே புது மெஷினுக்குச் சொல்லிருங்க. இன்னொரு ஆர்டர் லேட்டானா யூனிட்டையே மூடணும்னீங்களே! திட்டியாச்சும் போடுங்க்கா.

சித்ரகலா: காலையிலயே புது மெஷினு வேண்டாம்னு சொல்லிட்டேன் சசி. நான் மட்டுமில்ல. எங்க வீதியில ஆறு யூனிட்டும் சேந்து வாங்கறதா இருந்துது. ஊடு ஊடாப் போயி நாந்தான் நிறுத்துனேன்... "மருதாசலம் அண்ணனை எனக்கு நல்லாத் தெரியும், பொய் சொல்ல மாட்டாரு"ன்னு.