வெண்டைக்காய்க்கு ஒரு பாடவேளை

அவைத் தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியை அம்மையார் அவர்களே, அந்த நாற்காலி எனக்கு வரவேண்டியது என்று எட்டு ஆண்டுகளாகச் சொல்லிவரும் என்னையும் பேச அழைத்த அவரது பெருந்தன்மையே, முன்வரிசைப் பெரியோர்களே, இடமில்லாமல் சுவரோரம் நிற்கும் தாய்மார்களே, நகக்கண்ணில் மண்ணோடு வந்திருக்கும் எட்டாம் வகுப்புச் செல்வங்களே, கணக்கு வாத்தியாரின் வணக்கம்!

பள்ளித் தோட்டத்தையும் சமையல் வகுப்பையும் தொடர்ந்து நடத்துவதா, நிறுத்துவதா என்று இன்று கை தூக்கப்போகிறீர்கள். நிறுத்தச் சொல்லி மனு எழுதியவன் நான்தான். என் பாடவேளை இரண்டைப் பிடுங்கிச் சமையல் டீச்சருக்குக் கொடுத்தார்கள். மறப்பேனா? மன்னிப்பேனா? சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். கால அட்டவணை போடுவது இன்றும் நான்தான்.

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பிள்ளைகள் கூடையோடு வந்து நின்றார்கள். முன்னால் நின்றவள் என் மகள். வெண்டை பதமாக இருக்கிறது, இன்றே பறித்துச் சமைக்க வேண்டும் என்றாள். வெள்ளிக்கிழமைதான் உங்கள் வகுப்பு, அதுவரை தொடாதே என்று திருப்பி அனுப்பினேன்.

வெள்ளி வந்தது, வெண்டை முற்றியது. சமையல் டீச்சர் சண்டைக்கு வரவில்லை; வந்திருந்தால் பிழைத்திருப்பேன். அதை வதக்கி, என் மகளிடமே கொடுத்தனுப்பினார். மென்றேன், மென்றேன், மணி அடிக்கும்வரை மென்றேன். மகள் தண்ணீரை நீட்டி, மெதுவாகச் சொன்னாள்:

"வெண்டைக்கா உங்க டைம்டேபிளப் பாத்துக் காய்க்காதுப்பா."

ஐம்பது நாள் தண்ணீர் ஊற்றியவள் சொன்ன சொல் அது. அரைமணி ஓரிடத்தில் உட்காராத பிள்ளையை ஐம்பது நாள் ஒரு செடிமுன் குந்தவைத்தது எது? என் சூத்திரமா? என் பிரம்பா? காய் என்றாலே தட்டைத் தள்ளியவள், இன்று தானே சமைத்து என் தட்டில் வைத்து, "உப்பு சரியாருக்காப்பா?" என்று என் முகத்தையே பார்க்கிறாள். எத்தனை விடைத்தாள் திருத்தியிருக்கிறேன்! எந்தப் பிள்ளை என் முகத்தை அப்படிப் பார்த்தது?

மனுவைத் திரும்பப் பெறுகிறேன். இனி, காய் என்று பதமாகிறதோ அன்று என் வகுப்பு சமையல் டீச்சருக்கு. அட்டவணையில் மையால் எழுதிவிட்டேன். டீச்சரம்மா, பிடுங்கியதை நான் மன்னிக்கவில்லை. இது நானாகக் கொடுப்பது.

காலையில் மகள் பறித்த வெண்டை ஒன்று இதோ என் சட்டைப்பையில். மைக் அருகே நுனியை ஒடிக்கிறேன்.

கேட்டதா? நாரில்லாமல் ஒடிந்தது. கேட்டவர்கள் கை தூக்குங்கள்.

உயர்ந்த கைகளுக்கு என் நன்றி; இன்னும் மடியிலிருக்கும் கைகளுக்கும் என் வணக்கம்.