நான்காம் ரீலில் மூன்று நிமிடம்

பிலிம் வெட்டுவதற்குப் பெரிய கத்தரி ஆகாது, ஷெரீப். நகம் வெட்டும் கத்தரி அளவுக்கு இருந்தால் போதும், கை வழுக்காது. நான் அவசரக்காரன் இல்லை என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான் சொல்கிறேன். பத்தொன்பது வருடமாக மாக்னோலியா தியேட்டரில் ஆபரேட்டராக இருந்திருக்கிறேன். ஒரு ரீலைக் கெடுத்தேன் என்று யாரும் சொன்னதில்லை.

கலிபோர்னியாவிலிருந்து வரும் பாட்டுப் படங்களில் கறுப்பர்கள் வாசிக்கும் இடம் மட்டும் தனியாக நிற்கும். கதாநாயகன் கிளப்புக்குள் வருவான், உட்காருவான், அவர்கள் வாசிப்பார்கள், அவன் எழுந்து போவான். நம்மைப் போன்ற தெற்கத்தி ஊர்களில் வெட்டி எடுக்க வசதியாக, கதையோடு ஒட்டாமல்தான் எடுத்திருப்பார்கள். நம் ஊர்த் தணிக்கைக் கமிட்டி அதைத் திரையில் விடாது என்பது உங்களுக்கே தெரியும். வெள்ளிக்கிழமை நான் வெட்டுவேன். படப்பெட்டி அடுத்த ஊருக்குப் போகுமுன் திரும்ப ஒட்டிவிட வேண்டும். நான் ஒட்டுவதில்லை. கிழிந்துவிட்டது என்று ஒரு சீட்டு எழுதி வைத்துவிடுவேன்.

ஏனென்றால் படத்தில் மற்றதெல்லாம் சவசவ. காதலனும் காதலியும் மாடிப்படியில் இறங்கிக்கொண்டே இருப்பார்கள். கறுப்பன் ஒருவன் டிரம்பெட்டை உதட்டில் வைத்துக் கண்ணை மூடினால்தான் எனக்கு உடம்பு சிலிர்க்கும். தியேட்டரில் கழித்துக்கட்டிய புரொஜெக்டர் ஒன்று என் வீட்டில் இருக்கிறது. ஞாயிறு மதியம் ஜன்னல் சீலையை இழுத்துவிட்டு நாற்பத்திரண்டு துண்டுகளையும் ஓட்டுவேன். அத்தனை பேரும் எனக்கு மட்டும் வாசிப்பார்கள். அதைப்போல ஒரு சந்தோஷம் நான் அறிந்ததில்லை.

லூவீனியா பிக்கன்ஸ் உங்கள் வீட்டிலும் துணி வெளுத்திருப்பாள். பக்கப்படி ஏறி, கறுப்பர்களுக்கான மேல்மாடியில் உட்கார்ந்து, ஒரே படத்தை மூன்று நாள் பார்த்தாள். நான்காம் நாள் என் அறை வாசலில் வந்து நின்றாள். கலிபோர்னியா போன அவள் மகன் ஸீக் காசநோயில் செத்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

"ஐயா, இந்தப் படத்துல என் புள்ள டிரம்பெட் ஊதுறான். வெள்ளைக் கோட்டுப் போட்டிருப்பேம்மா, பாருன்னு எழுதியிருந்தான். மூணு வாட்டி பாத்துட்டேன், காணோம்."

"அப்படி யாரும் இந்தப் படத்துல இல்ல, லூவீனியா."

"சர்ச்சுல சிரிக்கிறாளுக ஐயா. எங்கேயோ தட்டு கழுவிக்கிட்டு ஆத்தாளுக்குக் கதை விட்டிருக்கான்னு."

"பசங்கன்னா அப்படித்தான். மனசுல வச்சுக்காத."

தலையாட்டிவிட்டுப் போனாள். நான் சொன்னது பொய் இல்லை. வெட்டிய பிறகு அவன் படத்தில் இல்லைதானே.

அடுத்த வாரம் ஒரு போட்டோவோடு வந்தாள். மகனோடு வாசித்த ஒருவன் அனுப்பியதாம். படப்பிடிப்புத் தளம், வெள்ளைக் கோட்டு, டிரம்பெட், எல்லாம் இருந்தது.

"புள்ள பொய் சொல்லல ஐயா. கமிட்டிக்காரங்க வெட்டச் சொன்னது எங்கேயாச்சும் கெடக்கும்ல? ஒரே ஒரு வாட்டி காட்டுங்க, போதும். இல்லன்னா ஸ்டுடியோவுக்கே எழுதிக் கேட்டுருவோம்னு பாதிரியார் சொல்றாரு."

மிரட்டும் குரல் இல்லை அது. ஆனால் கடிதம் போனால் ஆள் வருவான், என் சீட்டுகளைப் புரட்டுவான், நாற்பத்திரண்டும் போய்விடும். ஞாயிறு காலை பத்து மணிக்குத் தியேட்டருக்கு வா என்றேன்.

நீலத் தொப்பி வைத்துக்கொண்டு, கையுறை போட்டுக்கொண்டு வந்தாள். பிலிம் வைக்கும் அறையில் உட்கார வைத்தேன். ஜன்னல் கிடையாது, இரும்புக் கதவு. மேசை விளக்கில் பெரிய பல்பை மாட்டி, முன்கூட்டியே எரியவிட்டிருந்தேன். ஒரு சுருளைக் கொடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். அது வேறு படத்தின் துண்டு, எனக்கு அவ்வளவாகப் பிடிக்காதது. ஸீக்கின் துண்டைக் கொடுக்க மனம் வரவில்லை.

"இது என் புள்ள இல்லையே, ஐயா."

"உருவம் சின்னதா இருக்கும். இன்னும் கிட்டப் பிடி."

இந்த பிலிம் வெடிமருந்துக்குத் தம்பி மாதிரி. சூடான பல்பில் பட்டால் போதும், பற்றிக்கொள்ளும், தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. அது அவளுக்குத் தெரியாது. தீப்பிடித்தால் ஆபரேட்டர் உடனே வெளியே வந்து இரும்புக் கதவைச் சாத்த வேண்டும் என்று சுவரில் விதி ஒட்டியிருக்கிறது. அவள் குனியும்போதே நான் வெளியே வந்துவிட்டேன். சாத்தினேன். தாழ்ப்பாளைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை என்கிறீர்கள், அது சரிதான். கதவைத் தட்டினாள். என்னைக் கூப்பிடவில்லை, ஸீக், ஸீக் என்றுதான் கூப்பிட்டாள். கொஞ்ச நேரம்தான். தியேட்டர் கூரைக்குத் தீ பரவாமல் இருந்திருந்தால் நீங்களும் இவ்வளவு தூரம் விசாரித்திருக்க மாட்டீர்கள்.

மதியம் வீட்டுக்குப் போய், நான்காம் ரீலிலிருந்து வெட்டி வைத்திருந்த ஸீக்கின் மூன்று நிமிடத்தை ஓட்டினேன். நன்றாகத்தான் ஊதுகிறான்.

கறுப்பர்கள்மேல் வெறுப்பு என்று உங்கள் ஆள் எழுதுகிறார். அதை அடித்துவிடச் சொல்லுங்கள். அந்தப் பையன்மேல் இந்த ஊரிலேயே அதிகப் பிரியம் வைத்தவன் நான்தான். அவன் தாயை உள்ளே வைத்துத் தாழ்ப்பாள் போட்டதும் அந்தப் பிரியத்தால்தான்.