மூன்றாம் மெஷினில் வந்த பாடி

என் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் ஆகியவற்றை மேலே உள்ள கட்டங்களில் எழுதிக்கொண்டாயிற்று. வயது நாற்பத்து நான்கு. மேசைக் கணினி தயாரிக்கும் தொழிற்சாலையில், வெளிக்கூடு செய்யும் பிரிவில், பதினாறு வருடமாகக் கடைசிச் சோதனை பார்க்கிறேன். வீட்டில் பாத்திரம் தேய்ப்பது என் கணவர்தான். என் இடது மோதிர விரல் காய்த்துப்போனால் எனக்கு வேலை இல்லை. இதையெல்லாம் ஏன் எழுத வேண்டும் என்று ஆய்வாளர் கேட்டார். எழுதினால்தான் பின்னால் வருவது விளங்கும் என்று சொன்னேன்.

யாரும் வற்புறுத்தாமல் இன்று காலை பதினொரு மணிக்கு நானாகவே நிலையத்துக்கு வந்தேன். வெளிக்கூட்டை எங்கள் பிரிவில் பாடி என்போம். அந்தப் பழக்கத்தில், காணாமல் போன பாடியை நசுக்கியது நான்தான் என்று சொன்னதும், எழுதும் காவலர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். அவருக்கு விளக்கி உட்கார வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்தப் பாடியைத் திருடி வெளியே விற்றதாக முந்தாநாள் முதல் இங்கே அடைத்து வைத்திருப்பது என் உடன்பிறந்த தம்பியை. கண்ணாடிப் பெட்டியின் சாவி அவன் பொறுப்பில் இருந்தது என்பதைத் தவிர அவன் செய்தது ஒன்றுமில்லை.

நடந்தது வருமாறு. ஐந்து வாரத்துக்கு முன்பு புது மாடலின் மாஸ்டரை, அதாவது இதைப் போலத்தான் எல்லாம் வர வேண்டும் என்று வைக்கும் முதல் மாதிரியை, வடிவமைப்பாளர் எங்கள் பிரிவுக்குக் கொண்டுவந்தார். எதற்கெடுத்தாலும் மைக்ரான் கணக்கில் சண்டைக்கு வருவதால் அவரை நாங்கள் மைக்ரான் சார் என்போம். அவர் துணியை விலக்கியதும், "கம்ப்யூட்டர் எங்க சார்? வெறும் தகட்டக் கொண்டுவந்திருக்கீங்க?" என்று கேட்டேன். அவர் அதைப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டினார். என் சுண்டுவிரல் கனம்கூட இல்லை. மொத்தக் கணினியும் அதற்குள் அடங்கப் போகிறதாம். ஒரு திருகு இல்லை, ஒரு மூட்டு இல்லை. மூலைகளில் வெளிச்சம் எங்கேயும் தடுக்காமல் வழுக்கிக்கொண்டு போனது. நான் சுலபத்தில் ஒன்றைப் பாராட்டுகிறவள் அல்ல. அன்று குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சாப்பாட்டு மணி அடித்தும் ஒருவரும் நகரவில்லை.

அதன் பிறகு மாஸ்டரைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். உறை போடாத கையால் அதைத் தொடக்கூடாது என்று மைக்ரான் சார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதன் பிறகு மூன்றாம் மெஷினில் அதைப் போலவே செய்யத் தொடங்கினோம். பதினான்கு கிலோ அலுமினியக் கட்டி உள்ளே போகும். பால் போன்ற தண்ணீர் மேலே பீய்ச்சியடிக்க, மெஷின் நாலு மணி நேரம் குடைந்துகொண்டே இருக்கும். வெளியே வரும்போது இரண்டு கிலோவுக்கும் குறைவாக இருக்கும். இரும்புக் கத்திக்கு இவ்வளவு பொறுமை உண்டா என்று ஒவ்வொரு முறையும் எனக்கு மலைப்பாக இருக்கும். முதல் நாற்பது பாடியை, மாஸ்டரோடு ஒப்பிடும் கட்டம் வருமுன்பே நானே கழித்துப் போட்டேன். மெஷின் ஓட்டுகிறவர் என் முகத்தில் விழிக்காமல் சுற்றிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு, சென்ற மாதம் இருபத்தொன்றாம் தேதி மதியம், நாற்பத்தோராவது பாடி வந்தது. கடைசி ஒப்பீட்டை மட்டும் வெறும் விரலால்தான் செய்ய வேண்டும் என்பது விதி. மைக்ரான் சார் வெளியூரில் இருந்தார். என் தம்பி பெட்டியைத் திறந்துவிட்டு ஸ்டோருக்குப் போனான். பசை கறை பிடிக்கும் என்பதால் பாடியில் சீட்டு ஒட்டுவதில்லை. புதியதன் அடியில் மட்டும் ஒரு சீட்டைச் செருகி வைப்போம். இரண்டையும் சுழல் பலகையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, எது எது என்று எனக்கே தெரியாதபடி பலகையைச் சுற்றிவிட்டு, பிறகு தடவிப் பார்க்க வேண்டும். கண் பளபளப்பில் ஏமாறும். விரல் ஏமாறாது.

அவ்வாறே தடவினேன். ஒன்றில் மிகச் சிறிய மேடு தட்டுப்பட்டது. மற்றதில் எதுவுமே இல்லை. விரல் போய்க்கொண்டே இருந்தது, நிற்க ஓர் இடம் கிடைக்கவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்தது. மாஸ்டர் என்றால் மாஸ்டர்தான் என்று வாய்விட்டே சொன்னேன். அதன் பிறகு கண்ணைத் திறந்து, சீட்டு எதன் அடியில் இருக்கிறது என்று பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. பதினாறு வருடத்தில் ஒரு தடவைகூட மாஸ்டரைவிட நல்ல பாடி வந்ததில்லை, எனவே பார்க்கத் தோன்றவில்லை. நல்லதைப் பெட்டியில் வைத்தேன். மேடு இருந்ததை நசுக்கும் பிரஸ்ஸில் போட்டு நானே பொத்தானை அழுத்தினேன். சீட்டைக் கசக்கி எறிந்துவிட்டு, மாஸ்டரைத் திருப்பி வைத்ததாகப் பதிவேட்டில் கையெழுத்தும் போட்டேன். தம்பி வந்து பூட்டினான்.

ஒன்பது நாள் கழித்து மைக்ரான் சார் பெட்டியைத் திறந்து பாடியைக் கவிழ்த்துப் பார்த்தார். உள்பக்கம் அவர் தன் கையால் கீறி வைத்த அடையாளம் இல்லை. மாஸ்டரை யாரோ திருடிவிட்டு வேறொன்றை வைத்திருக்கிறார்கள் என்று புகார் கொடுத்தார். தம்பியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் ஜீப்பில் ஏறும்போது, "அக்கா, நான் எடுக்கலக்கா" என்றான். அப்போது நான் அவனைத் திட்டினேன். பூட்டத் தெரியாதவனுக்குச் சாவி எதற்கு என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

இன்று காலை புதிய பாடி ஒன்றைத் தடவிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. மெஷின் அந்த மூலையை ஒரே ஓட்டத்தில் திருப்பிவிடும். அங்கே மேடு வர வழியே இல்லை. கை அரத்தால் ராவினால்தான் அப்படி வரும். கையால் ராவியது மாஸ்டர் ஒன்றுதான், அது மைக்ரான் சாரின் கைவேலை. உடனே பழைய அலுமினியக் கிடங்குக்கு ஓடினேன். நசுக்கியது எல்லாம் போன வாரமே உலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அங்கிருந்து நேரே இங்கே வந்தேன்.

இதுவரை கேட்டுக்கொண்டிருந்த ஆய்வாளர், தம்பியைக் காப்பாற்ற எந்த அக்காவும் இப்படிச் சொல்வாள், சாட்சி என்ன இருக்கிறது என்று கேட்டார். மாஸ்டரைச் செய்தவரையே கேளுங்கள் என்றேன். அதன் பிறகு மைக்ரான் சாரை வரவழைத்தார். மாஸ்டரில் குறை ஏதாவது உண்டா என்று கேட்டதற்கு, அவர் என்னைப் பார்க்காமல், இல்லை என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனாலும் குரலை உயர்த்தாமல், "கீழ்ப்பக்கம் இடது மூல, வளைவு தொடங்குறதுக்கு ஒரு அரிசி அகலம் முன்னாடி. கண்ணுக்குத் தெரியாது. விரல் மேல ஏறி இறங்கும்" என்றேன்.

அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடிப் பெட்டியிலிருந்து போலீஸ் கைப்பற்றி வைத்திருந்த பாடியைக் கேட்டு வாங்கி, மடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு அந்த மூலையைத் தடவினார். திரும்பத் திரும்பத் தடவினார். ஆய்வாளர் இரண்டு முறை கூப்பிட்டும் அவர் காதில் விழவில்லை.

அதன் பிறகு, "ஒரு மாசம் போராடினேன் சார். அந்த மேட்ட என்னால எடுக்க முடியல. எனக்கு மட்டுந்தான் தெரியும்னு நெனச்சு மறைச்சிட்டேன்" என்றார். பிறகு பாடியை என்னிடம் நீட்டி, "இதுல அது இல்லக்கா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அது வருத்தத்தால் அல்ல என்று எனக்குத் தெரியும். அன்று மதியம் என் விரலுக்கு ஏற்பட்ட அதே நிலைதான் அவருக்கும். புகாரை அங்கேயே எழுதித் திரும்பப் பெற்றார்.

சீட்டைப் பார்க்காதது என் தவறு. அதற்குத் தொழிற்சாலை எடுக்கும் நடவடிக்கைக்கு நான் கட்டுப்படுகிறேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தம்பியை வெளியே கொண்டுவந்தார்கள். முந்தாநாள் போட்ட அதே சட்டை. நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன், "அத விடுக்கா. நிஜமாவே நம்ம மெஷின்ல வந்தது மாஸ்டரவிட நல்லா இருந்துச்சா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். இந்தக் கேள்வியையும் பதிலையும் சேர்த்து எழுதும்படி காவலரிடம் நானே கேட்டுக்கொண்டேன்.

மேலே உள்ளதை முழுவதும் வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை, கூட்டவும் குறைக்கவும் ஒன்றுமில்லை என ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)