கறை படாத ஒரு பாகம்

மேசைமேல் எதைக் கொட்டுவதானாலும் முதலில் ஒரு துண்டை விரியுங்கள் என்று உங்கள் ஆட்களிடம் சொல்லுங்கள், மேடம். மூன்றாவது இழுப்பறையில் வெளுத்து மடித்த துண்டுகள் இருக்கின்றன. தேடுவதைத் தடுக்கவில்லை. நீங்கள் தேடும் தகர டப்பா எங்கே என்று நானே சொல்கிறேன். அதற்கு முன் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிடுகிறேன். பதிவுக் கருவியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி வையுங்கள்.

என் பெயர் லீலண்ட் வாஸ். பிராக்டனில் முப்பத்தோரு வருஷமாகத் துப்பாக்கி பழுதுபார்க்கிறேன். இந்த மாவட்டத்தில் இந்த வேலைக்கு வேறு ஆள் இல்லை.

டெல் குரோவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கோர்ட்டுக் காகிதத்தில் இருப்பதுதான். மனைவியைச் சுட்டவன், இருபத்திரண்டு வருஷத் தண்டனை. எனக்கு அவனை வேறு மாதிரித் தெரியும். அவன் வாயில் எப்போதும் புகையிலை அதக்கிக்கொண்டிருப்பான். கையில் ஒரு காலி சோடா பாட்டில். பேச்சுக்கு நடுவே அதில் துப்புவான். பழுப்புச் சாறு உள்பக்கமாக வழிந்து அடியில் தேங்கும். அந்தப் பாட்டிலை என் வேலை மேசையில், அரங்களுக்குப் பக்கத்தில் வைப்பான். மூடியும் போட மாட்டான்.

அவனுடைய துப்பாக்கி அந்தப் பாட்டிலைவிட மோசம். கைப்பிடியின் பள்ளங்களில் சீஸ் காய்ந்து மஞ்சளாக ஒட்டியிருக்கும். ஒருமுறை உள்ளே திறந்தபோது ஒரு நகத்துண்டு கிடைத்தது. வெட்டின நகம் இல்லை, கடித்துத் துப்பின நகம்.

போன வருஷம் மே மாதம் அவன் புது ட்ரிகர் செட் ஒன்றோடு வந்தான். தபாலில் வரவழைக்கிறார்களே, போட்டிச் சுடுதலுக்கென்று விற்பார்கள், விரல் பட்டாலே போதும் என்கிற மாதிரி ட்ரிகரை இலகுவாக ஆக்கிவிடும். இதை வாங்குகிறவர்களில் பாதிப்பேர் வீடியோ பார்த்துவிட்டுச் சமையலறை மேசையில் அரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். பிறகு துப்பாக்கியைத் துண்டுதுண்டாக ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, தலையைச் சொறிந்துகொண்டு என்னிடம் வருவார்கள். ஸ்பிரிங்கோடு ரொட்டித்தூளும் இருக்கும். கையுறை போடாமல் அந்தப் பைகளை நான் திறப்பதில்லை. இரும்பு ஒரு தப்பும் செய்வதில்லை. கைதான் செய்கிறது.

அந்த செட்டில் ஒரு சின்னத் தடுப்பு உண்டு. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. ட்ரிகரை இழுக்காதவரை, குண்டை இடித்து வெடிக்கவைக்கும் ஊசி முன்னால் போகாமல் அதுதான் மறித்து நிற்கும். துப்பாக்கி கீழே விழுந்தாலும் வெடிக்காது என்று நாம் நம்புவது அந்த ஒன்றை நம்பித்தான். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தக்கபடி அதைக் கல்லில் கொஞ்சம் தேய்த்துப் பொருத்த வேண்டும். ஒரு மயிரிழை கூடிப்போனால் அது தடுப்பே இல்லை.

வேலை முடிந்ததும் நாங்கள் ஒரு சோதனை செய்வோம். காலித் துப்பாக்கியின் குழலுக்குள் ஒரு பென்சிலை விட்டு, ட்ரிகரைத் தொடாமல் ரப்பர் சுத்தியால் தட்டுவோம். பென்சில் அசையக் கூடாது. வியாழக்கிழமை காலை டெல்லின் துப்பாக்கியைத் தட்டினேன். பென்சில் துள்ளியது. மறுபடி தட்டினேன். மறுபடியும் துள்ளியது. மூன்றாவது முறை வெளியே விழுந்து மேசையில் உருண்டு, அந்த சோடா பாட்டிலில் முட்டி நின்றது. அவன் மறந்து விட்டுப்போன பாட்டில். அந்தப் பென்சிலைக் குப்பையில் போட்டுவிட்டேன்.

தடுப்பு அளவுக்குமேல் தேய்ந்திருந்தது. புதிதாக ஒன்று அனுப்பச் சொல்லி அன்றே ஆர்டர் கொடுத்தேன். ஐந்து நாளாகும் என்றார்கள்.

டெல் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டான். கடையில் துப்பாக்கி சுடும் கிளப் ஆட்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னா டாக்டர், ஆபரேஷன் முடிஞ்சுதா இல்லியா?" என்றான். நான் கையுறையும் ஏப்ரனும் போடுவதால் அவன் எனக்கு வைத்த பேர் அது. "நாளைக்குப் போட்டி. இன்னும் தடவிக்கிட்டே இருந்தீர்னா அதுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கணும்யா."

மூவரும் சிரித்தார்கள்.

"அவர விடு டெல்," என்றான் ஒருவன். "டாக்டர் கை பட்டா அப்பீலே இல்ல. முப்பது வருஷத்துல ஒரு தப்பு உண்டா?"

"அதான் எனக்கும் சந்தேகம். தப்பே பண்ணாதவன் மனுசனா?" என்று சொல்லிவிட்டு டெல் துப்பினான். விளிம்பில் பட்டு ஒரு துளி என் மேசையில் விழுந்தது.

பழைய பாகங்களைத் திரும்ப மாட்டித் தந்திருக்கலாம். மாட்டினால் காரணம் சொல்ல வேண்டும். அந்த வாய்க்கு முன்னால் நின்று எதற்கும் காரணம் சொல்ல எனக்கு மனமில்லை. துப்பாக்கியைப் பெட்டியில் வைத்தேன். 'சோதித்தது, சரி' என்று வழக்கமான சீட்டை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கட்டினேன்.

அப்போது அவன் மனைவி மார்லிஸ் உள்ளே வந்தாள். வண்டியில் காத்திருந்து அலுத்திருப்பாள். என் கடைக்கு வருகிறவர்களில் மிதியடியில் காலைத் துடைத்துவிட்டு வரும் ஒரே ஆள் அவள்தான். வருஷா வருஷம் வசந்தத்தில் ரூபார்ப் பை என்கிற புளிப்பினிப்புப் பலகாரம் செய்து, துணி போட்டு மூடி எடுத்து வருவாள். நல்ல பெண்.

"லீலண்ட், ஒண்ணு கேக்கணும்," என்றாள். "இந்த மனுசன் இத கண்ட எடத்துல போடுறாரு. ஃபிரிட்ஜ் மேல, சாப்பாட்டு மேசை மேல. அதுவும் குண்டு போட்டபடியே. எங்கயாச்சும் கீழ விழுந்தா வெடிச்சிடுமா?"

"ஆரம்பிச்சுட்டா," என்றான் டெல்.

"விழுந்தா வெடிக்காது மார்லிஸ்," என்றேன். "நானே தட்டிப் பாத்துட்டேன்."

"நீங்க சொன்னா சரி," என்று சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் சூடான பாத்திரத்தோடு சாப்பாட்டு மேசைக்கு வந்தாள். துப்பாக்கி வழியில் கிடந்தது. இரண்டு கையிலும் பாத்திரம். முழங்கையால் தள்ளினாள். அது கீழே விழுந்து வெடித்தது. இது டெல் சொன்னது. சொன்ன அன்றிலிருந்து ஒரு வார்த்தை மாற்றவில்லை. ஆனால் காலையில் இருவரும் சண்டை போட்டது பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருந்தது. அதனால் யாரும் நம்பவில்லை.

செவ்வாய்க்கிழமை தபாலில் புதுத் தடுப்பு வந்தது. வியாழக்கிழமை ஷெரிஃப் அந்தத் துப்பாக்கியை என்னிடம் அனுப்பினார். "நீங்கதானே வேலை செஞ்சீங்க, நீங்களே பாத்துச் சொல்லிடுங்க. விழுந்தா வெடிக்குமா வெடிக்காதான்னு," என்றார் போனில். சின்ன ஊரில் இப்படித்தான். டெல்லுக்குக் கோர்ட் கொடுத்த வக்கீலும் வாயைத் திறக்கவில்லை.

துப்பாக்கியோடு வந்த டெபுடி வேட் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். எதிர் ஹோட்டலில் வியாழன்தோறும் மீட்லோஃப், கொத்துக்கறியில் செய்வது.

"ஒரு இருபது நிமிஷம் பாத்துக்குறீங்களா? தீந்துடும்," என்றான்.

"போயிட்டு வாப்பா," என்றேன்.

எனக்கு எட்டு நிமிஷம் போதுமாயிருந்தது. கையுறை இரண்டு ஜோடி போட்டுக்கொண்டேன். கைப்பிடியில் கறுத்துக் காய்ந்திருந்தது புகையிலை இல்லை என்று எனக்குத் தெரியும். வேட் பல்லைக் குத்திக்கொண்டு திரும்பி வந்தபோது, அவன் கண் முன்னாலேயே பென்சிலை விட்டுத் தட்டிக் காட்டினேன். பன்னிரண்டு முறை. அசையவே இல்லை. நான் எழுதிக் கொடுத்த அறிக்கையில் ஒரு வரிகூடப் பொய் கிடையாது. அன்றைக்கு என் கையைவிட்டுப் போன துப்பாக்கி அப்படித்தான் இருந்தது. கோர்ட்டிலும் அதையே சொன்னேன்.

தீர்ப்பன்று டெல் என்னைத் திரும்பிப் பார்த்தான். திட்டவில்லை. "நீங்க சரியாத்தானே பாத்தீங்க டாக்டர்?" என்று மட்டும் கேட்டான். முதல் முறையாகக் கேலி இல்லாமல் அந்தப் பேரைச் சொன்னான். தாடையில் எச்சில் காய்ந்திருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நீங்கள் கண்டுபிடித்த விதம் எனக்குப் பிடித்திருக்கிறது, மேடம். வாசலில் நின்றபடி சொன்னீர்களே: "அந்தத் துப்பாக்கி பூரா அழுக்கு மிஸ்டர் வாஸ். கரி, எச்சி, ரத்தம். உள்ள ஒரே ஒரு சாமான் மட்டும் பளபளன்னு இருக்கு. அது எப்படி?" ஆமாம். அதைக் கொஞ்சம் அழுக்காக்கி மாட்டியிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். துப்பாக்கியைச் சாப்பாட்டு மேசையில் போட்டது யார்? குண்டோடு போட்டது யார்? அப்படிப்பட்டவன் ஜெயிலில் இருப்பது அவ்வளவு பெரிய அநியாயமா? அங்கே தினமும் அறையைத் துடைக்கச் சொல்வார்களாம். புகையிலையும் கிடையாதாம்.

டப்பா அதோ, எண்ணெய்ப் புட்டிகளுக்குப் பின்னால். திறங்கள். நான் எந்தப் பாகத்தையும் தூக்கி எறிவதில்லை. வெள்ளைத் துணியில் சுற்றியிருப்பது அந்தத் தேய்ந்த பழைய தடுப்பு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தேய்த்த தடம் தெரியும். ஒரே திசையில், சீராக, அழகாக இருக்கும். சமையலறை மேசையில் அப்படி வராது.

அடியில் இருப்பது அது வந்த உறை. மேல் ஓரத்தைப் பாருங்கள், கத்தரிக்கோலால் நேராக வெட்டியிருக்கும். என் கத்தரிக்கோல். டெல் அதைப் பிரிக்கவே இல்லை, மேடம். ஒட்டியது ஒட்டியபடி என் கையில் கொடுத்துவிட்டு, "நீரே பாத்துப் போடும் டாக்டர், எனக்கு இதெல்லாம் தெரியாது," என்றான். உள்ளே இருந்ததைத் தொட்டது ஒரே ஒரு கைதான்.

அது சுத்தமான கை.