சீமாட்டியின் முதுகு

மாஸ்டர்: ஏம்மா, இருபது நிமிஷமா குதிரை கழுத்துல கைய வச்சுக்கிட்டு நிக்கிறீங்க. எப்பத்தான் ஆரம்பிப்பீங்க?

தெரபிஸ்ட்: ஆரம்பிச்சு இருபது நிமிஷம் ஆச்சுங்க.

மச்சான்: மாமாவுக்கு அடிச்சுத் துவைச்சாத்தான் வேலை மேடம். இவ்வளவு மெதுவா ஒரு மசாஜ அவர் பார்த்ததே இல்ல.

தெரபிஸ்ட்: மசாஜ் இல்லீங்க, அழுத்தவே மாட்டேன். கனிஞ்ச பழத்தத் தொடுற மாதிரி… பிடிச்சிருக்கிற இடத்துல கைய வச்சுட்டுக் காத்திருப்பேன். அதுவா விட்டுக்கொடுக்கும்.

மாஸ்டர்: விட்டுக்கொடுக்குமா! இந்தச் சீமாட்டியா! அம்மா, இந்தச் சவாரிப் பள்ளியில முப்பது வருஷமா தலைமை மாஸ்டர் நான். சவாரின்னா என்ன? நிமிர்வு! முதுகுத்தண்டு! ஒரு மனிதன் தன்னைத் தானே ஆளத் தெரிந்தால்தான்…

மச்சான்: மாமா, அது ஆண்டு விழாப் பேச்சு. இங்க நாங்க ரெண்டு பேரும் ஒரு குதிரையும்தான்.

தெரபிஸ்ட்: சத்தத்தக் குறைங்க. காது பின்னால போகுது பாருங்க.

மாஸ்டர்: யாருக்கு?

தெரபிஸ்ட்: சீமாட்டிக்கு. நீங்க பேச ஆரம்பிச்சாலே போகுது.

மச்சான்: எங்க வீட்டுலயும் எல்லாருக்கும் அப்படித்தான் மேடம்.

மாஸ்டர்: டேய்! அம்மா, விஷயத்துக்கு வாங்க. நாலு மணிக்குக் கமிட்டி கூடுது. இவ இடது பக்கம் திரும்ப மாட்டேங்குறா, சேணத்தக் கண்டா பல்லக் காட்டுறா. இவள வித்துடறதா வேணாமான்னு அங்க முடிவாகும். உருப்படாதுன்னா உருப்படாதுன்னு சொல்லிடுங்க. நான் தாங்குவேன்.

தெரபிஸ்ட்: வித்தா எங்க போவா?

மச்சான்: வயசு பதினாலு. பிடிவாதக்காரின்னு பேர் வேற. வண்டி இழுக்கத்தான் போவா. அதுவும் வாங்குறவன் நல்லவனா இருந்தா.

தெரபிஸ்ட்: இருங்க… பேசாதீங்க… ஆங். பார்த்தீங்களா?

மாஸ்டர்: கொட்டாவி விடுறா. உங்க வைத்தியம் அவளுக்கே போரடிக்குது.

தெரபிஸ்ட்: இதுக்குத்தான் காத்திருந்தேன். தாடை விட்டுடுச்சு. இனிமே முதுகத் தொட விடுவா. எங்க தாயி… இங்கயா… அய்யோ, இங்கயும் இருக்கே.

மச்சான்: என்ன மேடம்?

தெரபிஸ்ட்: தோளுக்குப் பின்னால, ரெண்டு பக்கமும் வீக்கம். ஒரு பக்கம்னா சேணம் சரியில்லன்னு சொல்லலாம். ரெண்டும் ரெண்டு மாதிரி இருக்கு. வலது பக்கம் அகலமா, தட்டையா. இடது பக்கம் கைக்குள்ள அடங்குற மாதிரி. அந்தச் சேணத்த இப்படிக் கொண்டாங்க.

மாஸ்டர்: எதுக்கு? அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நானே பார்க்கிறேன் தினமும்.

மச்சான்: நானும்தான் பார்க்கிறேன். அது எதுக்கு மேடம் இப்ப…

தெரபிஸ்ட்: ரெண்டு பேருமே அதுக்கு முன்னால போய் நின்னா எப்படி? நகருங்க. இது என்னங்க, வலது பக்கத்து உறைக்குள்ள? துண்டா? நாலா மடிச்சு?

மச்சான்: துண்டா! மாமா, உங்க நீலத் துண்டு காணோம்னு அக்கா வீட்டையே தலைகீழாக்கினா!

மாஸ்டர்: அது… அது சேணம் கொஞ்சம் வலது பக்கம் அமுங்கினதால… ஒரு தற்காலிக ஏற்பாடு.

தெரபிஸ்ட்: சரி. இடது பக்கம் இருக்கிற ஸ்பாஞ்சு?

மாஸ்டர்: ஸ்பாஞ்சா? அது நான் வைக்கலையே!

மச்சான்: …சேணம் இடது பக்கம் சாயுதேன்னு நான்தான் மேடம் வச்சேன். இவர் அந்தப் பக்கம் துண்ட வச்சிருக்கார்னு எனக்கு என்ன தெரியும்?

மாஸ்டர்: அடப்பாவி! நீ வச்சதாலதானே எனக்கு மறுபடியும் அமுங்கின மாதிரி இருந்துச்சு! நான் இன்னொரு துண்டு வச்சேன்!

மச்சான்: நான் இன்னொரு ஸ்பாஞ்சு வச்சேன்!

தெரபிஸ்ட்: ஆக, ரெண்டு பேருமாச் சேர்ந்து குதிரைய ஒட்டகமாக்கிட்டீங்க.

மச்சான்: எத்தனை மாசமா மாமா?

மாஸ்டர்: சேணத்துல கோளாறுடா. செஞ்சவன் ஒழுங்காச் செய்யல.

மச்சான்: ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

மாஸ்டர்: யாருக்குடா ஆடத் தெரியாது? முப்பது வருஷத்துல ஒரு தடவை… ஒரே ஒரு தடவை கூட நான்…

தெரபிஸ்ட்: சேணம் நேராத்தாங்க இருக்கு. உக்காருறவர்தான் வலது பக்கமாச் சாயுறார். இடது இடுப்புல வலிக்குதா?

மாஸ்டர்: எனக்கா? நீங்க குதிரைக்கு வந்தவங்க.

தெரபிஸ்ட்: குதிரைக்கும் பார்ப்பேன், மேல உக்காருறவருக்கும் பார்ப்பேன். ரெண்டும் ஒரே உடம்பு மாதிரிதான். இந்த வைக்கோல் கட்டு மேல உக்காருங்க.

மாஸ்டர்: நான் நின்னுக்கிறேன்.

மச்சான்: அவர் உக்கார மாட்டார் மேடம். உக்கார்ந்தா எந்திரிக்கறதப் பார்த்துடுவோம்ல.

மாஸ்டர்: …உனக்குத் தெரியுமா?

மச்சான்: சாப்பிட்டு எந்திரிக்கும்போது மேசையப் பிடிச்சுக்கிட்டு, "இந்த மேசை ஆடுது, ஆசாரியக் கூப்பிடணும்"னு ஆறு மாசமாச் சொல்றீங்க. ஆசாரி ரெண்டு தடவை வந்து பார்த்துட்டு, மேசை ஆடலைன்னு சொல்லிட்டுப் போயிட்டார்.

தெரபிஸ்ட்: உக்காருங்க. கைய மட்டும்தான் வைப்பேன்.

மாஸ்டர்: …ம். சீக்கிரம் முடிங்க. நாலு மணிக்கு… ஸ்ஸ்…

தெரபிஸ்ட்: இங்கதானா?

மாஸ்டர்: இல்ல.

தெரபிஸ்ட்: பல்லக் கடிக்காதீங்க. சீமாட்டிக்குச் சொன்னதுதான் உங்களுக்கும். ஒண்ணும் செய்ய வேணாம். மூச்சு விடுங்க… விழுந்தீங்களா?

மாஸ்டர்: நான் விழறதாவது!

தெரபிஸ்ட்: சரி.

மாஸ்டர்: …வேலியோரமா. மழைக்கு அப்புறம், தரை வழுக்கி. அவ மேல தப்பில்ல. அவ கால் இடறுச்சு, நான் கவனிக்கல… எதையோ யோசிச்சுக்கிட்டு இருந்தேன். பள்ளி மூடியாச்சு, யாருமில்ல. அசைய முடியல.

மச்சான்: மாமா…

மாஸ்டர்: இவ ஓடிப் போயிருக்கலாம்டா. லாயம் திறந்துதான் இருந்துச்சு, கொள்ளு வேற வச்சிருந்துச்சு. போகல. என் மேல வெயில் படாம நின்னா. ஒரு மணி நேரம் இருக்கும். ஈய ஓட்டக்கூட வால ஆட்டல, என் மூஞ்சில படும்னு. அப்புறம் அவ கழுத்தப் பிடிச்சுக்கிட்டுத்தான் எந்திரிச்சேன்.

தெரபிஸ்ட்: அசையாதீங்க. பின்னால வர்றது அவதான்.

மாஸ்டர்: தெரியுது. பிடரில ஊதுறா… போடி. போ, உன் வேலையப் பாரு.

மச்சான்: கண்ணத் துடைச்சுக்கோங்க மாமா.

மாஸ்டர்: தூசுடா. வைக்கோல் தூசு.

தெரபிஸ்ட்: வரட்டும். அதுவும் விட்டுக்கொடுக்கிறதுதான். உங்க இடுப்பு இதோ, இப்பத்தான் கைக்குள்ள இளகுது. மூணு மாசம் ஏறாம இருந்தா ரெண்டு பேரும் தேறிடுவீங்க.

மாஸ்டர்: மூணு மாசமா! மாஸ்டருக்கு இடுப்பு போச்சுன்னு ஊரே சிரிக்கும்.

தெரபிஸ்ட்: சிரிக்கட்டுமே. தரையில நின்னு சொல்லிக் குடுங்க. அவ முதுகுக்கும் ஓய்வு.

மாஸ்டர்: அவளுக்கு எங்கம்மா ஓய்வு? மணி என்ன?

மச்சான்: மூணே முக்கால்.

மாஸ்டர்: கையக் குடுடா. தூக்கி விடு. நான் போகணும்.

மச்சான்: எங்க?

மாஸ்டர்: கமிட்டிக்கு. நாலு பேர் முன்னால நின்னு, தப்பு என்னோடதுன்னு சொல்லணும். கோணல் என் இடுப்புலன்னு சொல்லணும். சிரிக்கிறவன் சிரிக்கட்டும்.

தெரபிஸ்ட்: உங்க பேர்ல தப்புன்னு அவங்க யாரும் சொல்லலையே?

மாஸ்டர்: இவ பேர்ல தப்புன்னு சொன்னது யாரு தெரியுமா? "முரட்டுத்தனம், பிடிவாதம், பாடத்துக்கு லாயக்கில்லை, விற்றுவிடுவது நலம்." கமிட்டி சொல்லலம்மா. நான். என் கையால எழுதி, என் கையெழுத்துப் போட்டு, இவன்கிட்டதான் குடுத்து அனுப்பினேன். குதிரை கீழ தள்ளினதும் இல்லாம குழியும் பறிச்சதுன்னு ஊர்ல சொல்வாங்க. இவ தள்ளவும் இல்ல. குழிய வெட்டினது நான்… நிக்காதடா, தூக்கு!

மச்சான்: மெதுவா மாமா. கமிட்டி கூடுறது நிஜம்தான். ஆனா கழிவறைக்கு எந்த நிறத்துல டைல்ஸ் போடுறதுன்னு பேசப் போறாங்க.

மாஸ்டர்: என்னடா உளறுற? அப்ப சீமாட்டி விஷயம்? இந்த அம்மாவ அனுப்பினது கமிட்டிதானே?

தெரபிஸ்ட்: நான் எந்தக் கமிட்டியையும் பார்த்ததில்லீங்க. மன்னிச்சுக்கோங்க.

மாஸ்டர்: டேய்… அந்தக் கடுதாசிய என்னடா பண்ண?

மச்சான்: அக்காகிட்டக் குடுத்துட்டேன் மாமா. படிச்சுட்டு, மடிச்சு முந்தானையில முடிஞ்சுக்கிட்டா. அப்புறம் சொன்னா… "குதிரைக்கு வைத்தியம்னு சொல்லி ஒரு ஆளக் கூட்டிட்டு வாடா, அப்படியாவது இந்த மனுஷன் இடுப்புல கை வைக்க விடுறாரான்னு பார்ப்போம்"னு.