தெற்குக் காஷ்தலியின் தலைக்கணக்கு

கணக்கெடுப்பு டேப்லெட்டுல அந்தக் கடைசிப் பட்டன மட்டும் இப்ப அமுக்கிராதீங்க டீச்சரம்மா. படகு எங்க போயிரும்? ஓட்டுறவன் என் மச்சான். நான் கை காட்டாம இன்ஜினத் தொடமாட்டான். உக்காருங்க. இந்தாங்க பொரி, கடுகெண்ணெய் விட்டுப் பெசஞ்சது. மொளகா பாத்து.

என்ன, மேப்புல எங்க ஊரு தண்ணியாத் தெரியுதா? தெரியும். மேப்பு போட்ட வருசம் இந்த மணல்திட்டு தண்ணிக்கு அடியிலதான் கெடந்துச்சு. பிரம்மபுத்திரா எங்க ஊர நாலு தடவ தின்னுருச்சு. ஒவ்வொரு தடவையும் தகரத்தப் பிரிச்சு, மாட்டப் படகுல ஏத்தி, அடுத்த திட்டுல போயி எறங்குவோம். மண்ண ஆறு எடுத்துக்கும், பேர நாங்க தூக்கிட்டு வந்துருவோம். அதான் தெற்குக் காஷ்தலி இன்னிக்கு வடக்குக் காஷ்தலிக்கும் வடக்கால இருக்கு. சிரிக்காதீங்க. பள்ளிக்கூடம் கேட்டு உபஜில்லா ஆபீசுக்கு மனு கொண்டு போனேன். ஊரே தண்ணிக்குள்ள இருக்கு, மனு மட்டும் எப்பிடிய்யா நனையாம வந்துச்சுங்கறாரு ஆபீசரு. நான் ஆறாம் வார்டு மெம்பரு, மொபிஜுல். பின்ன எனக்கு மீனுங்களா ஓட்டுப் போட்டுச்சு?

எங்க ஊருல மொத்தம் நானூத்திப் பத்து பேரு. சத்தியமா அவ்வளவுதான். போன கணக்கெடுப்புல எழுநூத்திச் சொச்சமா? அய்யோ, அது பெரிய கூத்து. தலைக்கு இவ்வளவு அரிசின்னு எவனோ கெளப்பிவிட்டான். வீட்டுக்கு வீடு பதினொண்ணு, பன்னெண்டுன்னு அள்ளிவிட்டாங்க. எங்க சித்தப்பா அவரு எருமை ரெண்டுக்கும் பேரு வச்சு மருமகளுகன்னு எழுதவச்சிட்டாரு. அரிசியா வந்துச்சு? குடும்பக் கட்டுப்பாட்டு அம்மா வந்தாங்க, ரெண்டு பெட்டி மாத்திரையோட. மருமகளுகளக் கூப்புடுங்கன்னாங்க. கெழவரு தொழுவத்தப் பாக்குறாரு!

அதான் இந்தத் தடவ நானே வீடு வீடாப் போயி எண்ணுனேன். ஒண்ணு கூடாது, ஒண்ணு கொறையாது.

எங்க பாக்குறேனா? அந்தக் கரையத்தான். அது இந்தியா, எங்களுக்கு வேற நாடு. வாழைக்குப் பக்கத்துல பச்சைத் தகர வீடு தெரியுதா? எந் தங்கச்சி ஷெஃபாலி வீடு. கட்டிக்குடுத்தப்ப நடுவுல முழங்கால் தண்ணி, சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு நடந்தே போனா. அப்புறம் ஆறு அகலமாச்சு, காவல் வந்துச்சு, துப்பாக்கி வந்துச்சு. இப்ப எல்லைச் சந்தையில பாத்தாத்தான் உண்டு. மூணு மாசமா சந்தைக்கும் வரல. முழுகாம இருக்கா. பதினோரு வருசம் கழிச்சுங்க! எத்தன பேச்சு கேட்டிருப்பா.

போன்ல கேக்கலாமேங்கறீங்களா? இங்க டவரு ஏது, உங்க டேப்பே முழிக்குது பாருங்க. கடைசியாப் பாத்தப்ப, எம் பொண்டாட்டி பழஞ்சேலைய அடுக்கித் தச்ச சின்ன விரிப்பு ஒண்ணு குடுத்தேன். செவப்புக் கரை. புள்ள பொறக்கறதுக்கு முந்தி அத வெளிய எடுக்கக் கூடாது. பொறந்ததும் தொவச்சுக் கொடியில போடு, நீ நல்லா இருந்தா பக்கத்துல உன் மஞ்சச் சேலையப் போடு, நான் இங்கேருந்து பாத்துக்கறேன்னேன். சொன்ன நாளு தாண்டி நாலு நாளாச்சு. கொடி சும்மாவே கெடக்கு. பயமா இருக்கும்மா. தனியா நின்னு பாக்க முடியல, அதான் உங்களப் புடிச்சு வச்சிருக்கேன்.

இருங்க, இருங்க. அவ மாமியா வெளிய வருது. தோள்ல என்ன அது? உங்க கண்ணு இளங்கண்ணு, நீங்க சொல்லுங்க. செவப்புக் கரைதானே? இன்னொண்ணும் உதறுது... மஞ்சளா? மஞ்சதானே? அல்லா!

ஒண்ணுமில்ல, மொளகா கண்ணுல பட்டுருச்சு. நீங்க பட்டன அமுக்குங்க. இல்லல்ல, நானூத்திப் பத்துதான். அந்தப் புள்ள அந்த நாட்டுக் கணக்கு, எனக்குத் தெரியாதா? ஆனா இந்த நானூத்திப் பத்துல ஒருத்தன் இப்பத்தான் தாய்மாமன் ஆயிருக்கான். அத எழுத உங்க டேப்புல ஏதாச்சும் கட்டம் இருக்கா?